கோர் ஃபைலில் இருந்த எடை

போன வாரம் ஷர்மிளா அலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"பத்மா மேடம், பழைய சர்வர எடுத்துட்டு புதுசு போடறோம். எட அறை மெஷின்ல ஒரு செட்டிங் இருக்குது. பக்கத்துல 'இதை யாரும் மாற்றக் கூடாது'ன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. புதுசுல அதெல்லாம் தானாவே சேத்து வச்சிக்கும், கொஞ்ச நாள் போனா தானாவே அழிச்சிடும். எடுத்துடட்டுமா?"

எடுத்துவிடு என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

"சரி, எதுக்குத்தான் போட்டீங்க? அதயாவது சொல்லுங்க."

அலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையில் கல்லூரி, இயற்பியல். பிறகு ஒரு வருடக் கம்ப்யூட்டர் டிப்ளமா. அதன்பின் தட்டாஞ்சாவடியில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை. அங்கேயே சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். ரெட்டியார்பாளையத்தில் இருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். இதற்கு மேல் என் முன்கதையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். தலைவர் மொரீஸ் சார். வீட்டில் பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுகிற குடும்பம். நாம் எதைச் சொன்னாலும் "பொன்" என்பார். சேர்ந்த முதல் மாதம் முழுக்க ஏதோ நகை விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் அதற்கு 'சரி' என்று பொருளாம். அந்தச் சரியிலும் இரண்டு வகை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. குரல் இறங்கினால் ஒத்துக்கொண்டார், ஏறினால் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. 'அப்புறம்?' என்று மட்டும் கேட்பார். பதில் சொன்னால் மறுபடியும் 'அப்புறம்?'. மூன்றாவது முறை கேட்கும்போது நமக்கே தெரிந்துவிடும், நாம் யோசிக்காமல் வந்து நிற்கிறோம் என்று. 'இருக்கலாம் சார்' என்று யாராவது சொல்லிவிட்டால், கையில் இருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த வாக்கியம் முடிந்தது என்று அர்த்தம்.

நான் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனபோது லேபிள் அச்சிடுகிற புரோகிராம், அதாவது நிரல், ஓடும்போதே தொடர்ந்து விழுந்து நின்றுபோனது. ஒரு நிரல் இப்படித் தானாக விழும்போது, அந்த நொடியில் அதன் நினைவகத்தில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையையும் லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஒரு கோப்பாக எழுதி வைக்கும். அதற்குக் கோர் ஃபைல் என்று பெயர். பிரேதப் பரிசோதனைக்கு உடலை எடுத்து வைப்பது போல. அந்த லேபிள் நிரல் விழ விழத் தானாக எழுந்துகொள்ளும்படி ஏற்பாடு. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோர் ஃபைல். மதியத்துக்குள் கம்ப்யூட்டரின் வட்டு, ஹார்ட் டிஸ்க், நிரம்பி, லேபிள் மட்டும் இல்லை, கம்பெனியே நின்றுவிட்டது.

நான் அத்தனை கோப்புகளையும் அழித்தேன். அதோடு விடாமல், எல்லா இயந்திரங்களிலும் கோர் ஃபைலின் உச்ச அளவைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டேன். பூஜ்யம் என்றால் எதையும் சேமிக்காதே என்று பொருள். உற்பத்தி மேலாளர் தயாளன் சார் நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

மொரீஸ் சார் கேட்டார்: "பூஜ்யம் வச்சீங்க. அப்புறம்?"

"அப்புறம் வட்டு ரொம்பாது சார்."

"அப்புறம்?"

அவ்வளவுதான் சார் என்றேன். பொன் என்றார். குரல் ஏறியதா இறங்கியதா என்று பாராட்டு வாங்கிய மயக்கத்தில் நான் கவனிக்கவில்லை.

அது நடந்து சில வருடம் கழித்துத்தான் அஞ்சலாட்சியின் விவகாரம் வந்தது.

எடை அறை என்பது மருந்துப் பொடிகளை அளந்து கொடுக்கிற சின்ன அறை. நடுவில் ஒரு மின் தராசு, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். தராசில் வைக்கிற எடையைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற நிரல் வாங்கிப் பதிந்துகொள்ளும். காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட். மூன்று பேர் மாறி மாறி வருவார்கள். அதில் ஒருவர் அஞ்சலாட்சி. ஒப்பந்த வேலை. கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவார். அம்மா மீன் விற்கிறவர்.

அந்த நிரல் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. திரையில் இருந்தது, இல்லை, அவ்வளவுதான். அளந்து முடித்த தொகுதியின், அதாவது அந்த பேட்ச் பொடியின், பதிவு கூடவே போய்விடும். பதிவு இல்லாத பொடியை மாத்திரை ஆக்க முடியாது, கழிவுக்கு அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை இப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் அறையில் இருந்தவர் அஞ்சலாட்சி. அவரைக் காலையில் இருந்து மதியத்துக்கு மாற்றினார்கள். கோளாறும் கூடவே மதியத்துக்கு மாறிக்கொண்டது. மறுபடி காலைக்கே கொண்டுவந்தார்கள், அதுவும் கூடவே திரும்பி வந்தது.

நிரலை எழுதிக் கொடுத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். போனில் கூப்பிட்டேன்.

"எஃப் பத்து கீய அமுக்கினா நிரல் மூடிக்கும் மேடம். உங்க ஆளு அமுக்கியிருப்பாங்க."

"அமுக்கினாங்கன்னு எங்கயாவது பதிவாவுமா?"

"ஆவாது மேடம்."

"அமுக்கலன்னு?"

"அதெப்படி மேடம் பதிவாவும்?"

தயாளன் சாருக்கு இது போதுமாக இருந்தது. வேலையில் இடைவெளி கிடைப்பதற்காக இந்தப் பெண் நிரலை மூடுகிறாள் என்று முடிவு கட்டினார். முதல் மெமோ கொடுத்தார். பிறகு இரண்டாவது மெமோ. மாதக் கடைசியில் அஞ்சலாட்சியின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை அஞ்சலாட்சி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்ல யாரு அமுக்கினாங்கன்னு தெரியுமாமே. நா அமுக்கலன்னு பாத்துச் சொல்றீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். விழுந்திருந்தால் கோர் ஃபைல் இருக்க வேண்டும், மூடியிருந்தால் இருக்காது. இரண்டில் எது நடந்தது என்பதை அந்த ஒரு கோப்பே சொல்லிவிடும். கோப்பு இல்லை. ஆனால் அதை வைத்து அஞ்சலாட்சி மூடினார் என்று சொல்லவும் முடியாது. ஏனென்றால் எது நடந்திருந்தாலும் கோப்பு இருக்காது. பூஜ்யம் வைத்தது நான்.

மொரீஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் நான் செய்த தப்பை, பிறகு அஞ்சலாட்சி கேட்டதை. கடைசியில், "அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல சார். தயாளன் சாருக்கு நீங்க ஒரு வார்த்த எழுதினீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியாது பத்மா. உங்களுக்கும் தெரியாது. செட்டிங்க மாத்துங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை எழுதினால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே படிவத்தை எடுக்கப் போனேன். அன்று மூன்றாம் தேதி.

மருந்துக் கம்பெனியில் ஒரு இயந்திரத்தின் அமைப்பில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் படிவம் உண்டு. என்ன மாற்றம், ஏன், தவறினால் எப்படித் திருப்புவது என்று மூன்று பக்கம். நான் எழுத, மொரீஸ் சார் கையெழுத்திட, தரப் பிரிவு முத்திரை வைக்க, உற்பத்தி மேலாளர் இயந்திரத்தை நிறுத்த அனுமதி கொடுக்க வேண்டும். ஏன் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். மொரீஸ் சார் 'என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாததால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மேலாளர் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

உச்ச அளவைப் பூஜ்யத்திலிருந்து 'வரம்பில்லை' என்று மாற்றினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, நானே ஒரு சின்ன நிரலை எழுதி ஓடவிட்டு, அதை நானே கொன்றேன். அழகாக ஒரு கோர் ஃபைல் விழுந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

ஐந்து நாள் கழித்து எடை அறையில் நிரல் காணாமல் போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கோப்பு இல்லை.

தயாளன் சார் என் மேஜைக்கே வந்தார். "என்னம்மா, கோப்பு இருந்தா வுழுந்திச்சி, இல்லன்னா மூடிச்சின்னீங்க. இல்ல. அப்ப அந்தப் பொண்ணு மூடிச்சிதான?"

அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று மதியம் கேன்டீனில் அஞ்சலாட்சி எதிரே வந்தபோது குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"கோப்பு வரல. அப்புறம்?" என்றார் மொரீஸ் சார்.

"மூடியிருக்கலாம் சார்."

பென்சிலைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து லினக்ஸ் கையேட்டை முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். அந்த வரம்பு ஒவ்வொரு நிரலுக்கும் அதைத் தொடங்கி வைத்ததிடம் இருந்து வருவது, பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வருவது போல. நான் மாற்றியது என் பெயரில் உள்ளே நுழைகிறவர்களுக்கான வரம்பை. என் சின்ன நிரல் எனக்குப் பிறந்தது, அதனால் அதற்குக் கிடைத்தது. எடை அறை நிரலைத் தொடங்கி வைப்பது நான் இல்லை. காலையில் இயந்திரம் விழிக்கும்போது ஓடுகிற வேறொரு பட்டியல். அதற்கு இன்னும் பூஜ்யம்தான். என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு விருந்தாளி ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இரண்டாவது படிவம். மூன்று பக்கம், கையெழுத்து, முத்திரை. தொடக்கப் பட்டியலிலேயே வரம்பை மாற்றினேன்.

அடுத்த வாரம் நிரல் மறுபடி காணாமல் போனது. கோப்பு இல்லை.

இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கோர் ஃபைல், வேறு இடம் சொல்லாதவரை, நிரல் எந்தக் கோப்புறையில் நிற்கிறதோ அங்கேதான் விழும். எடை அறை நிரல் நின்ற கோப்புறையில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டியிருந்தது. பாதுகாப்புக்காகத்தான். பூட்டியதும் நான்தான் என்பதைப் பழைய படிவம் ஒன்றில் என் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது படிவத்தில், கோர் ஃபைல் எங்கே விழ வேண்டும், என்ன பெயரில் விழ வேண்டும் என்பதை இயங்குதளத்துக்கே சொல்லும் வரியை மாற்றினேன். தனி வட்டு, நிரம்பினாலும் கம்பெனி நிற்காது. பெயரில் நிரலின் பெயர், அதன் எண், விழுந்த நேரம் எல்லாம் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று எழுதாது. இந்தத் தடவை என் சின்ன நிரலைக் கொல்லவில்லை. மதிய இடைவேளையில் அனுமதி வாங்கி, எடை அறை நிரலையே வேண்டுமென்று ஒரு தடவை கொன்றேன். கோப்பு விழுந்தது. அதை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். ஷர்மிளா எடுக்கட்டுமா என்று கேட்டது இந்த வரியைத்தான்.

இருபத்து மூன்றாம் தேதி பகல் பதினொன்றரைக்கு நிரல் காணாமல் போனது. தனி வட்டில் ஒரு கோப்பு இருந்தது. நிரல் மூடப்படவில்லை, விழுந்திருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு உடனே தயாளன் சாரிடம் ஓடியிருப்பேன். மொரீஸ் சார் விடவில்லை.

"வுழுந்துச்சி. அப்புறம்? அவங்க எதயாவது தப்பா அமுக்கி வுழுந்துச்சின்னு சொல்லுவாரு. ஏன் வுழுந்துச்சி?"

கோப்பைத் திறந்தேன். நினைவகத்தில் இருந்தது அப்படியே என்று சொன்னால் ஏதோ ஒழுங்காகப் படிக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலும் குப்பை. நடுநடுவே தொகுதியின் பெயர், பொடியின் பெயர், அஞ்சலாட்சியின் பெயர். தராசிலிருந்து நிரல் கடைசியாக வாங்கிய எடை மைனஸ் 1.236 கிலோ.

நிரல் எங்கே விழுந்தது என்பதும் தெரிந்தது. வாங்குகிற எடையை அதன் அளவுக்கேற்ற ஓர் அறையில் எண்ணி வைப்பது அதன் வழக்கம். நூறு கிராம் என்றால் நூறாவது அறை. மைனஸ் எடைக்கு அறையே கிடையாது. நிரல் அதைக்கூட யோசிக்காமல் இல்லாத அறையைத் திறக்கப் போயிருக்கிறது. இயங்குதளம் அதை அங்கேயே கொன்றிருக்கிறது. அதுவரைக்கும் சரி. ஆனால் எடை எப்படி மைனஸ் ஆகும்? அதுவும் ஒன்றேகால் கிலோ அளவுக்கு?

இரண்டு நாள் அந்த எண்ணோடு உட்கார்ந்திருந்தேன். தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் உள்ள வயரில் கோளாறு என்று முடிவு செய்து வயரை மாற்றினேன்.

"வயர மாத்தினீங்க. அப்புறம்?"

கழற்றிய பழைய வயரை அவர் மேஜையில் வைத்தேன்.

"போய் அந்த ரூம்ல நில்லுங்க. ஒண்ணும் கேக்காதீங்க, பாருங்க மட்டும். நாம கேட்டா நாம எதிர்பாக்கற பதில்தான் வரும்."

இருபத்தாறாம் தேதி காலை எடை அறைக்குப் போனேன். மேலங்கி, தொப்பி, முகமூடி, காலுறை. வளையலைக் கழற்ற வேண்டும். காகிதம் கொண்டு போகக் கூடாது. அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார் என்பது தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறேன். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கக் கூடாது என்றுதான் உத்தரவு, சொல்லக் கூடாது என்று இல்லை. இருந்தாலும் மூலையில் பேசாமல் நின்றேன்.

ஒன்றரை மணி நேரம் அளந்தார். ஒரு சிட்டிகைகூடச் சிந்தவில்லை. தொகுதி முடிந்தது. பொடியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு தராசின் எஃகுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். தராசின் சின்னத் திரையில் எண் மாறியது.

மைனஸ் 1.236.

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. தட்டோடு சேர்த்துத்தான் தராசு பூஜ்யம் காட்டும். தட்டை எடுத்தால் தட்டின் எடை அளவுக்குக் கீழே போகும். பள்ளிக்கூடப் பாடம். இயற்பியல் படித்தவள் நான்.

அஞ்சலாட்சி தட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். விளிம்பைத் துடைத்தார். அன்றைய பொடி பிசுபிசுப்பானது, மறுபடியும் துடைத்தார். எண் ஏழெட்டு நொடி அசையாமல் நின்றால்தான் நிரல் அதை எடையாக எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் துடைத்துத் தட்டை வைத்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை, அதிக நேரம் துடைத்த நாட்களில் விழுந்திருக்கிறது. நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திரை காலியானது.

அஞ்சலாட்சி தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அக்கா, நா எதயும் தொடலக்கா. பாருங்க, ரெண்டு கையும் இதுலதான் இருக்குது."

"தெரியும்" என்றேன். முகமூடிக்குள்ளிருந்து அது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

வெளியே வந்து சுவரில் மாட்டியிருந்த செய்முறைத் தாளைப் படித்தேன். ஆறாவது வரி: ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் தட்டை எடுத்து, இரு பக்கமும் துடைத்து, திரும்ப வைக்கவும். கீழே தயாளன் சாரின் கையெழுத்து.

அப்படியென்றால் மற்ற இருவரும் வேலை செய்யும்போது ஏன் விழவில்லை? அவர்கள் தட்டைத் தூக்குவதே இல்லை. வைத்த இடத்திலேயே மேலாக ஒரு துடைப்பு, ஏட்டில் ஒரு டிக். எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

மொரீஸ் சார் அந்த வாக்கியத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டார்.

"இத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல சார். ஆனா வேற எப்படி..."

"கோப்புல இருக்குதா?"

"இல்ல."

"அப்ப எடுங்க."

"எடுத்தா, ஏன் அவங்க ஷிப்ட்ல மட்டும்னு கேப்பாங்களே சார்? அதுக்கு என்ன பதில்?"

"பாக்காத ஒண்ண எழுதித்தான அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மெமோ குடுத்தாங்க?"

எடுத்தேன். மனமில்லாமல்தான் எடுத்தேன். அதற்குப் பதிலாக வேறொரு வரி சேர்த்தேன்: 'முந்தைய நிகழ்வுகளுக்குக் கோப்பு சேமிக்கப்படாததற்குக் காரணம், நான் முன்பு செய்த அமைப்பு.' அதன் மேல் அவர் கோடு போடவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மொரீஸ் சார் தயாளன் சாரை எடை அறைக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். அஞ்சலாட்சியும் இருந்தார்.

தயாளன் சார் அறிக்கையைப் படித்திருந்தார். "தட்ட வச்சி இந்தப் பொண்ணு ஏதோ பண்ணுது. மத்தவங்க யாரும் பண்ணாதது."

"பொன்" என்றார் மொரீஸ் சார். "நீங்களே தொடச்சிக் காட்டுங்க."

தயாளன் சார் துணியை வாங்கினார். தட்டு இருந்த இடத்திலேயே மேலாக ஒரு வட்டம் துடைத்தார். திரை அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆவல."

"ஆறாவது வரியப் படிங்க." சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

தயாளன் சார் மனதுக்குள் படித்தார். மொரீஸ் சார் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் தயாளன் சார் வாய்விட்டுப் படித்தார். பிறகு தட்டைத் தூக்கினார். பழக்கம் இல்லாததால் எந்தப் பக்கத்தில் இருந்து துடைப்பது என்று கொஞ்சம் யோசித்தார். அடியைத் துடைத்தார். விளிம்பைத் துடைத்தார். திரை காலியானது.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இரண்டு கையும் தட்டில்தான் இருந்தன.

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி, ஏன் இந்தப் பெண்ணின் ஷிப்டில் மட்டும் என்பது, வரவே இல்லை. பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது. தினமும் மூன்று பேர் போடுகிற டிக்குக்குக் கீழே சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்டால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சரி, சாஃப்ட்வேர் கோளாறு" என்றார். துணியை அஞ்சலாட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அஞ்சலாட்சியின் ஒப்பந்தம் முப்பதாம் தேதி புதுப்பிக்கப்பட்டது. இரண்டு மெமோக்களைத் திரும்பப் பெற முடியவில்லை. மெமோ கொடுக்கப் படிவம் உண்டு, திரும்பப் பெறப் படிவம் இல்லை. அதனால் 'மேற்கண்ட இரண்டும் பொருந்தாது' என்று மூன்றாவதாக ஒரு தாளை அடித்து அவர் கோப்பில் சேர்த்தார்கள். பார்க்கிறவர்களுக்கு மூன்று மெமோ வாங்கியவர் போலத் தெரியும். சென்னைக்காரர்களுக்குக் கோர் ஃபைலை அனுப்பினேன். எஃப் பத்தைப் பற்றி அவர்கள் அதன் பிறகு பேசவில்லை. மைனஸ் எடை வந்தால் விட்டுவிடும்படி நிரலைத் திருத்த மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும், மறு உத்தரவு வரும்வரை தட்டைத் தூக்கித் துடைக்கக் கூடாது என்று தயாளன் சார் சுற்றறிக்கை விட்டார். மற்ற இருவரும் அந்த மூன்று வாரம் செய்முறைப்படி வேலை செய்தார்கள்.

திருத்திய நிரல் வந்த வாரம் அஞ்சலாட்சி எங்கள் அறை வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்தார்.

"அக்கா, மத்தவங்க தூக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா அவங்களுக்கு மெமோ குடுப்பாங்க. தூக்கினா நேரம் ஆவுதும்பாங்க. எங்கம்மா தட்டக் கழுவாம அடுத்த மீனு போட மாட்டாங்க, எனக்கு அப்படியே வந்துடுச்சி." கொஞ்சம் தயங்கினார். "அந்த ஃபைலுன்றாங்களே, அத நா பாக்கலாமாக்கா?"

திறந்து காட்டினேன். புள்ளிகளும் குறிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. எதற்கு இதைப் பார்க்க வந்தோம் என்பது போல நின்றார். அவருடைய பெயர் வந்த இடத்தில் நிறுத்தினேன். தன் பெயரை அங்கே பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சியா பயமா என்று தெரியவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே எண் இருந்தது. விரலால் காட்டினேன். இது என்னவென்று கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இது தட்டுதானக்கா? ஒண்ணு எரநூத்தி முப்பத்தாறு. தூக்கினா அதான காட்டும்? தெனம் பாக்கறனே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். ஷிப்ட் தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மொரீஸ் சாரிடம் போய் அஞ்சலாட்சி சொன்னதை அப்படியே சொன்னேன். என் விளக்கம் எதையும் சேர்க்கவில்லை. அவர், முடித்து அடுக்கில் வைத்திருந்த அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். முடிந்த அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதற்கும் படிவம் உண்டு. அதையும் எடுத்துவரச் சொன்னார்.

பூஜ்யம் வைத்தது நான் என்று இருந்த வரிக்குக் கீழே அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'அறையில் இருந்தவரிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று உத்தரவிட்டது நான்.' அச்சிட்டுக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார். முத்திரைக்காக அதைத் தரப் பிரிவுக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார்.